ஆம்ஸ்டர்டாம் ஜெப ஆலயத்துக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு

ஹாலந்தில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஒன்று குளிரைப் பற்றி. இன்னொன்று, "அண்ணே, யூதர் கோயிலுக்குப் போனீங்களாமே, நம்மள உள்ள விட்டாங்களா?"

விட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் போர்த்துகீசிய ஜெப ஆலயம் அது. உங்களையும் விடுவார்கள். ஆனால் எந்த நாளில் போவது, என்ன உடுத்துவது, உள்ளே எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால்தான் போன பலன் கிடைக்கும். முதல் தடவை எதுவும் தெரியாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு, தூண்டாமணி, தாம்பாளம், கோயில் மணி. அப்பா ஆரம்பித்த கடை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் கண் முதலில் விளக்கைத்தான் தேடும். ஆம்ஸ்டர்டாமில் அது எனக்கு நல்லதாகவே அமைந்தது.

கிளம்பும் முன் பினாங்கில் பார்க்க வேண்டியது

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் ஜாலான் ஜைனல் ஆபிடினுக்கு ஒருமுறை போய் வாருங்கள். என் அப்பா கடைசிவரை அதை யாஹூடி ரோடு என்றுதான் சொன்னார். பழைய பெயர் அதுதான். உயரமான மதிலுக்குப் பின்னால் யூதர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1805இல் ஏற்பட்டது. அங்கே இருக்கும் கல்லறைகளில் மிகப் பழையது 1835ஆம் ஆண்டினுடையது. மொத்தம் நூற்றுச் சொச்சம் கல்லறைகள்தான். பலவற்றின் மேல்மூடி கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். சிலவற்றின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன கூழாங்கல் இருக்கும். நாம் பூ வைப்பதைப் போல அவர்கள் கல் வைக்கிறார்கள். பூ வாடிவிடும், கல் இருக்கும்.

அங்கிருந்து நாகூர் ரோடு பக்கம்தான். இப்போது சாப்பாட்டுக் கடைகளும் காப்பிக் கடைகளும் நிறைந்திருக்கும் அந்தத் தெருவில், 28ஆம் எண் வீட்டில் 1929 முதல் 1976 வரை ஒரு ஜெப ஆலயம் இருந்தது. யூதர் முறைப்படி சபையாகக் கூடித் தொழுவதற்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். பினாங்கில் அந்தப் பத்துப் பேர் சேராமல் போன காலம் வந்தது, கதவை மூடினார்கள். எங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நாகூர் ஆண்டவர் பெயர் சொல்லும் தெருவில் பாக்தாத் வழி யூதர்கள் ஹீப்ரு மொழியில் தொழுதிருக்கிறார்கள் என்பது எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும். தினமும் மோட்டார் சைக்கிளில் கடந்து போன தெரு அது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் மூடிப்போனதைப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே மூடாமல் இருப்பதன் அருமை தெரியும். ஆம்ஸ்டர்டாமில் இன்றும் அந்தப் பத்துப் பேர் கூடுகிறார்கள்.

பாஸ்போர்ட், மச்சான், கிழமை

நம் மலேசியப் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டி, ஐரோப்பாவில் ஜெப ஆலயத்துக்குப் போனால் சிக்கல் வருமா என்று கேட்டவர்கள் உண்டு. எந்தச் சிக்கலும் இல்லை. நீங்கள் போவது நெதர்லாந்துக்கு. நமக்கு அங்கே 90 நாள் வரை விசா தேவையில்லை. அந்த நாட்டுக்குள் தேவாலயம், பள்ளிவாசல், ஜெப ஆலயம், எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.

என் மச்சான் கேட்டது வேறு. "காசாவுல நடக்கறதப் பாத்துட்டு எப்படிப் போக மனசு வருது?" என்றார். அந்தப் படங்களை என்னாலும் பார்க்க முடியவில்லை, பார்த்த இரவு தூக்கமும் வரவில்லை. ஆனால் நான் போனது ஓர் ஊர் மக்கள் 350 வருஷமாகத் தொழுது வரும் இடத்துக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன் நெதர்லாந்தில் இருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். அதில் 1,02,000 பேருக்கு மேல் நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்டார்கள். இந்தத் துக்கத்துக்கும் அந்தத் துக்கத்துக்கும் என் மனசில் இடம் இருக்கிறது என்று மச்சானிடம் சொன்னேன். அங்கே போய் அரசியல் பேசாதீர்கள். வாசலில் நிற்கும் காவலாளியும் உள்ளே வழிகாட்டும் பெரியவரும் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இல்லை.

இனிக் கிழமை. நான் தவறு செய்த இடம் இதுதான். மகனுக்கு வார நாளில் வேலை, சனிக்கிழமைதான் லீவு. அவன் இருக்கும் ஐந்தோவனிலிருந்து ரயிலேறி ஒன்றரை மணி நேரம் போல ஆகி, மழையில் நடந்து போய் நின்றால் கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்குச் சபாத், ஓய்வு நாள். அன்று தொழ வருகிறவர்களுக்குத்தான் இடம், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே சபாத் தொடங்கிவிடும். அதனால் வெள்ளிக்கிழமையும் சீக்கிரம் மூடுவார்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். செப்டம்பர், அக்டோபரில் அவர்களுடைய புத்தாண்டு, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று வரிசையாக வரும். ஏப்ரல் வாக்கில் பஸ்கா வரும். நம் தீபாவளியைப் போலவே அவர்கள் பண்டிகையும் சந்திரனைப் பார்த்து வருவதால் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். போகிற மாதத்தின் திறப்பு நேரத்தை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

என்னைக் கேட்டால் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் காலையில் போங்கள். ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் வாட்டர்லூபிளைன் பழைய பொருள் சந்தை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அந்தச் சந்தையையும் விடக்கூடாது. 1882இல் அங்கிருந்த கால்வாய்களைத் தூர்த்த இடத்தில் வந்த சந்தை அது. போருக்கு முன் அங்கே வியாபாரம் செய்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பழைய பித்தளை மெழுகுவத்தித் தண்டு ஒன்றை நான் அங்கேதான் வாங்கினேன். காலை, ஏன் காலை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போகிற வழி

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் வாட்டர்லூபிளைன். 51, 53, 54 எதில் ஏறினாலும் சரி. டிக்கெட் வாங்க நிற்க வேண்டாம், பேங்க் கார்டையே தட்டலாம். ஏறும்போது தட்டியதை இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள், மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். 14ஆம் எண் டிராமும் அந்தப் பக்கம் போகும்.

முகவரி மிஸ்டர் ஃபிஸ்ஸர்பிளைன் 3. அந்த "மிஸ்டர்" நாம் சொல்கிற மிஸ்டர் இல்லை. சட்டம் படித்தவர்களுக்கு டச்சு மொழியில் "மேஸ்டர்" என்று பட்டம் உண்டு, அதன் சுருக்கம். லோட்வைக் ஃபிஸ்ஸர் நெதர்லாந்து உச்ச நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர். யூதர் என்பதற்காக ஜெர்மானியர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் பெயரில் இருக்கும் சதுக்கம் இது. வண்டிகள் பறக்கிற பெரிய சந்திப்பு, சைக்கிள் பாதையில் கால் வைத்துவிடாதீர்கள்.

சந்திப்பைத் தாண்டினால் செங்கல் நிறத்தில் பெட்டி போல ஒரு பெரிய கட்டடம், சுற்றிலும் தாழ்வான சிறு கட்டடங்கள். கோபுரமோ குவிமாடமோ கிடையாது. வெளியே பார்த்தால் பழைய கிட்டங்கி என்றுகூட நினைப்பீர்கள். அதுதான்.

வாசலில்

வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். விமான நிலையம் போல நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய முதுகுப்பை வேண்டாம். சாப்பாடு வேண்டவே வேண்டாம், அவர்கள் இடத்தில் கோஷர் என்ற யூத உணவு விதி உண்டு. மருமகள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் போனோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் ஊரைச் சொல்லுங்கள். நான் பினாங்கு என்றேன். காவலாளி இளைஞன் சிரித்துக்கொண்டே பையைத் திறக்கச் சொன்னான். கேள்வி கேட்கிறார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் பட்டவர்கள்.

டிக்கெட் ஒன்றுதான், அதில் அந்த வட்டாரத்தில் இருக்கும் யூத அருங்காட்சியகமும் சேரும். காதில் மாட்டிக்கொள்ளும் விளக்கக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிஷம் அதைப் போடாதீர்கள்.

ஆண்கள் தலையை மூட வேண்டும். வாசலிலேயே கிப்பா என்ற சின்ன வட்டத் தொப்பி கொடுப்பார்கள், திரும்பும்போது வைத்துவிட்டு வரலாம். சொந்தத் தொப்பி இருந்தால் அதுவும் போதும். ஜாலான் குருத்வாராவில் சீக்கியர் கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. என் மனைவி சேலைக்கு மேல் கோட்டு போட்டிருந்தாள், தலையை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தோளும் முழங்காலும் மறைய உடுத்தினால் போதும். நான் திருநீற்றோடுதான் போனேன். அழித்துவிட்டு வரச் சொல்வார்களோ என்று நினைக்க வேண்டாம், வணங்கும் இடத்துக்கு வணங்குகிறவனாகப் போவதில் அவர்களுக்கு வருத்தமில்லை.

செருப்பைக் கழற்றக் கூடாது. நம் கை தானாகக் குனியும், எனக்கும் குனிந்தது. கொச்சியில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயத்தில் நம் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இங்கே செருப்போடுதான். அதற்குக் காரணம் காலடியில் இருக்கிறது.

கதவுக்கு மேல் ஹீப்ருவில் ஒரு வரி செதுக்கியிருக்கும், அண்ணாந்து பாருங்கள். பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து எடுத்தது: உமது மிகுந்த கிருபையினாலே உமது வீட்டுக்குள் வருவேன் என்ற பொருள். நம் பழைய தமிழ்க் கணக்கில் க என்றால் 1, உ என்றால் 2 இல்லையா, அதுபோல ஹீப்ரு எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு. குறித்த எழுத்துகளைக் கூட்டினால் 1672 வரும். அந்த வருஷம் கட்டி முடித்திருக்க வேண்டும். ஆனால் அதே வருஷம் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து ஹாலந்தைத் தாக்கின, வேலை நின்றது. திறப்பு விழா நடந்தது 1675 ஆகஸ்டில். கல்லில் வெட்டியதை மாற்றவில்லை.

உள்ளே

கதவைத் தாண்டி நாலு அடி வைத்ததும் நில்லுங்கள். காலடியில் மணல்.

சன்னமான, வெளிறிய மணல். மரப்பலகைத் தரை முழுவதும் தூவியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஹாலந்து வீடுகளிலேயே இப்படி மணல் தூவுவார்களாம், ஈரத்தையும் செருப்புச் சேற்றையும் அது இழுத்துக்கொள்ளும். காலடிச் சத்தத்தையும் விழுங்கும். எங்களோடு பத்துப் பதினைந்து பேர் உள்ளே இருந்தார்கள், யார் நடப்பதும் கேட்கவில்லை. என் மனைவி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டாள். ஊரில் ஆற்று மணலில் பந்தல் போட்டுத் திருவிழா பார்த்த பெண் அவள். நீங்களும் தொட்டுப் பாருங்கள், ஆனால் நினைவுக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

அடுத்து அண்ணாந்து பாருங்கள். நான்கு பெரிய பித்தளைச் சரவிளக்குகள். நான் பல்லாயிரம் விளக்கு விற்றிருக்கிறேன், அப்படி ஒன்று தொங்கிப் பார்த்ததில்லை. அடுக்கடுக்காக வளைந்த கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் மெழுகுவத்திக் கிண்ணம், எல்லாவற்றுக்கும் கீழே வழவழப்பாக ஒரு பெரிய குண்டு. குண்டு அழகுக்கு மட்டும் இல்லை. அதன் கனம் விளக்கை ஆடாமல் நேராக நிறுத்தும். அதன் வளைவு மேலிருந்து விழும் சுடரை வாங்கிக் கீழே இருப்பவனுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதன் கீழே போய் நின்று பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் வளைந்து அதற்குள் இருந்தன. நிறம் புளி போட்டுத் தேய்த்த மஞ்சள் இல்லை, ஆறிப்போன தேன் நிறம். அந்த நிறம் அவசரத்தில் வராது. தலைமுறை தலைமுறையாக ஒரே பக்குவத்தில் துடைத்து வந்தால்தான் வரும்.

கூடத்தில் மின்சார விளக்கு கிடையாது, ஹீட்டரும் கிடையாது. மாலையானால் மெழுகுவத்திதான். சரவிளக்கிலும் பெஞ்சு ஓரத்துத் தண்டுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 1,000 மெழுகுவத்திகள். பகலில் 72 ஜன்னல்களின் வெளிச்சம்தான். இதனால்தான் காலையில் போகச் சொன்னேன். மழைநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் பாதியைத்தான் பார்ப்பீர்கள். காலுறை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், குளிர் தரையிலிருந்து ஏறும். கடும் குளிர்காலத்தில் அவர்களே பக்கத்துச் சிறு கட்டடத்தில் இருக்கும் குளிர்கால ஆலயத்தில்தான் தொழுகிறார்கள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் இசைக் கச்சேரி நடக்கும் இரவுகளும் உண்டு, தேதி பார்த்து முடிந்தால் ஒன்றுக்குப் போங்கள். நாங்கள் இரண்டாவது பயணத்தில் போனோம். சுடர் ஏற்றிய பிறகு அந்தத் தேன் நிறம் செம்பொன்னாக மாறியது. திருக்கார்த்திகை அன்று எங்கள் கடைவீதியைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் மனைவி வாத்தியத்தைக் கேட்டாள். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்கள் காவிரி வண்டலில் அச்சு எடுத்து அதில்தான் பித்தளையை ஊற்றுவார்கள். மணலிலிருந்து பிறக்கிற பொருள் பித்தளை. கீழே மணலும் மேலே பித்தளையுமாக அந்தக் கூடத்தில் நின்றபோது வீட்டுக்குள் நிற்பது போலத்தான் எனக்கு இருந்தது.

இப்போது கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். சிலை இல்லை, படம் இல்லை. தென்கிழக்கு மூலையில், நம் கணக்கில் அக்னி மூலையில், கருத்த மரத்தில் பெரிய பேழை. எருசலேம் அந்தத் திசையில் இருக்கிறது. பிரேசிலிலிருந்து வந்த ஜக்கராண்டா மரம் என்பார்கள். அதற்குள் தோரா என்ற அவர்கள் வேதத்தின் சுருள்கள் இருக்கின்றன. நம் மூலஸ்தானம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே இருப்பது எழுத்து. அதற்கு எதிர்க் கோடியில் வாசிக்கும் மேடை, அவர்கள் தேபா என்பார்கள். பெஞ்சுகள் பேழையைப் பார்த்து வரிசையாக இல்லாமல், நடுவில் வழி விட்டு ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சுருள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடுவே வரும்போது எல்லாருக்கும் அருகில் போகும். சாமி புறப்பாட்டுக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே பெண்களுக்கான மாடம், 12 தூண்களின் மேல். கூரையைத் தாங்கும் நான்கு தூண்கள் மிகப் பெரியவை.

பேழைக்கு முன் விழுந்து கும்பிட வேண்டாம், கையும் நீட்ட வேண்டாம். பெஞ்சில் உட்காரலாம். ஐந்து நிமிஷமாவது உட்காருங்கள்.

இன்னொன்று, இந்தக் கட்டடம் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. மரக் கம்பங்களை அடித்து அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். அடியில் கால்வாய்த் தண்ணீர் போகும், படகில் போய் அஸ்திவாரத்தைப் பார்க்க முடியும். நம் வெல்ட் கீ சீனர் படகுத்துறை வீடுகளை நினைத்துக்கொண்டேன், ஆனால் இது 350 வருஷக் கட்டடம், மேலே முழுக்கச் செங்கல்.

நம் பக்கத்துத் தொடர்பு

இதைக் கட்டியவர்கள் ஸ்பெயின், போர்த்துகல் யூதர்களின் வம்சம். 1492இல் ஸ்பெயின் துரத்தியது, 1497இல் போர்த்துகல் கட்டாய மதமாற்றம் செய்தது. நூறு வருஷம் வெளியே கிறிஸ்தவர்களாகவும் உள்ளே யூதர்களாகவும் வாழ்ந்துவிட்டு, 1590களிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தார்கள். கட்டடக் கலைஞர் எலியாஸ் பௌமன். ஸ்பினோசா என்ற தத்துவ ஞானி இந்தச் சபையில் பிறந்தவர், 1656இல் அவரை இந்தச் சபையே தள்ளி வைத்தது. அது நடந்தது இதற்கு முந்தைய ஆலயத்தில்.

நமக்குத் தெரிய வேண்டிய பெயர் வேறொன்று, மோசே பெரேரா டி பைவா. அவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலேறி 1686இல் கொச்சிக்குப் போனார். அங்கே இருந்த யூதர்களைப் பார்த்து, பேசி, திரும்பி வந்து போர்த்துகீசிய மொழியில் ஓர் அறிக்கை எழுதினார். 1687இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அந்தக் கொச்சி யூதர்கள் பத்திரமாக வைத்திருந்த செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்ற உரிமையைக் கொடுத்தது, வட்டெழுத்தில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஏடு. டச்சுக்காரர்கள் 1658இல் நாகப்பட்டினத்தையும் 1663இல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். என் பாட்டனாரின் ஊரும் இந்தக் கூடமும் அப்போது ஒரே கப்பல் பாதையில் இருந்திருக்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதைத்தான் மகனிடம் சொன்னேன். அவன் போனில் வரைபடத்தைத் திறந்து மூன்று ஊரையும் பார்த்தான்.

வளாகத்தில் இருக்கும் எட்ஸ் ஹாயிம் நூலகத்தைத் தவறவிடாதீர்கள். 1616இல் தொடங்கியது. இன்றும் இயங்கும் யூத நூலகங்களில் உலகிலேயே பழமையானது. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தது. கீழ்த்தளத்துக் கருவூல அறைகளில் வெள்ளிச் சாமான்களும் பட்டுத் துணிகளும் இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு, மணலில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள்.

வெளியே வந்த பிறகு

பக்கத்துச் சதுக்கத்தில் சட்டைக் கை மடித்த ஒரு தொழிலாளியின் வெண்கலச் சிலை நிற்கும். துறைமுகத் தொழிலாளி. 1941 பிப்ரவரியில் யூதர்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போனபோது, ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் டிராமை நிறுத்தி, வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். அதன் நினைவு. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலைநிறுத்தம் பார்த்த குடும்பங்கள் நாம், அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கலாம்.

அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் வேஸ்பர்ஸ்த்ராட் ஓரமாகப் பெயர்களின் நினைவுச்சின்னம். டானியல் லிபஸ்கிண்ட் வடிவமைத்தது, 2021இல் திறந்தார்கள். செங்கல் சுவர்கள், ஒவ்வொரு கல்லிலும் நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது. 1,02,000க்கும் மேற்பட்ட கற்கள். டிக்கெட் வேண்டாம். முதலில் எண்ணிக்கை ஒன்றும் உறைக்காது, சுவராகத்தான் தெரியும். வயதை மட்டும் படித்துக்கொண்டே நடங்கள். ஒற்றை எண் வயதுகள் வரும். என் பேத்திக்கு அப்போது நாலு வயது, தள்ளுவண்டியில் எங்களோடுதான் இருந்தாள். மருமகள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அதற்கப்புறம் வெளியே வரும்வரை இறக்கவில்லை. குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்றால், போகலாம். என்ன சொல்வது என்பதை முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பையில் ஒரு பழைய பனியன் துணியும் சின்ன டப்பாவில் பித்தளை பாலிஷும் எடுத்துப் போங்கள். ஆம்ஸ்டர்டாம் நடைபாதைகளில், வீட்டு வாசல்களுக்கு எதிரே, உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு பதித்த கற்களைப் பார்ப்பீர்கள். குந்தர் டெம்னிக் என்ற ஜெர்மானியச் சிற்பி தொடங்கியது, ஐரோப்பா முழுக்கப் பதித்திருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து நாஜிகளால் கொண்டுபோகப்பட்டவரின் பெயரும் விவரமும் தகட்டில் இருக்கும். மழையில் பித்தளை கறுத்துப்போகும். வழிப்போக்கர்கள் துடைத்துவிட்டுப் போவது வழக்கம்.

துடைக்கும் முறை என் தொழில், அதனால் சொல்கிறேன். எலுமிச்சையும் புளியும் வேண்டாம், சுற்றியுள்ள கல்லில் கறை பிடிக்கும். கம்பி நாரும் உப்புத்தாளும் கூடவே கூடாது. முதலில் மண்ணைத் துணியால் தட்டுங்கள், இல்லையென்றால் அந்த மண்ணே கீறிவிடும். பாலிஷ் மிளகளவு போதும். வட்டமாகத் தேய்க்காமல் ஒரே போக்கில் தேய்த்து, துணியைத் திருப்பித் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த பக்கத்தால் ஒற்றி எடுங்கள். எழுத்துப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பைச் சுரண்டாதீர்கள், அந்தக் கறுப்பினால்தான் எழுத்து தெரிகிறது.

நான் ஒரு வாசலில் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அந்த வீட்டு அம்மா, எழுபது வயது இருக்கும், என்னையும் துணியையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு குவளைத் தண்ணீரோடு திரும்பி வந்தார். வாங்கி ஊற்றித் துடைத்தேன். முதல் வரி தெளிந்து வந்தது. "ஹீர் வோண்ட" என்று அவர் மெல்லப் படித்தார். இங்கே வாழ்ந்தார் என்று மகன் எனக்குத் தமிழில் சொன்னான்.